பழங்காசும் பழப்புளியும்

மண்ணிலிருந்து எடுத்த பழங்காசு ஒன்றைத் துலக்கி ஒளிரச் செய்தல் தகுமோ தகாதோ என்னும் வினா மிகச் சிறியதொன்றாகவே பலர்க்குத் தோன்றும். விழா மலரொன்றில் இடம்பெறுதற்குரிய பொருள்தானா இஃது என ஐயுறுவாரும் உளராவர். ஆயினும், இத்தகைய விழாக் காலங்களிலேதான் நம் வீடுகளிற் பெட்டகங்களும் அலுமாரிகளும் திறக்கப்படுகின்றன. பழைய பொருள்களை நாலுபேர் காண வைத்தல் வேண்டும் என்னும் ஆர்வம் எங்கும் தலையெடுக்கின்றது. பாட்டனார் கிணறு வெட்டியபோது கிடைத்த காசு, வீட்டுக்கு அத்திவாரம் தோண்டுகையில் வெளிப்பட்ட காசு, மழைக்குப் பின் தோட்டத்து வரம்பிற் கண்டெடுத்த காசு என்றிவையெல்லாம் துணிமுடிச்சுக்களிலிருந்து வெளிவருகின்றன. வெளிவந்தவுடன் நம்மவர் கை முதலில் நாடுவது பழப்புளியையே. அக்கை புளிச்சட்டியைத் தொடுமுன் சிலவற்றை எடுத்துரைத்தல் நமது கடன் எனக் கருதினோம்.

நமது கருத்தை ஈறுவரை மறைத்து வைத்தல் வேண்டாம். தேய்ந்த பழங்காசைக் கண்டெடுத்தவர் தம் கையால் அதனைத் துலக்குதல் கூடாது என்பதே நமது துணிபு. துலக்கியே ஆகவேண்டிய காசுகளும் சில உள. அவற்றைத் துலக்குதற்குரியார் வேறு. இத்துணிபுக்குக் காரணங்களைக் கூறி, மாறுபடுவோர் கூற்றையும் ஆராய்ந்து, நமது கல்லூரிச் சமுதாயம் இவ்விடயத்திற் செய்யத்தக்கது யாதென்பதையும் குறிப்பிடுவோம்.

முதலில் துலக்குவார் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். ஒரு பொருளைத் தூயதாக வைத்திருத்தலே அதனை மதித்தலாகும் என்பது நம் முன்னோர் வழக்கு. விளக்கீட்டுக்கு முன்னாளிலே குத்துவிளக்கைப் பழப்புளியிட்டுத் தேய்க்காத வீடு நம்மிடையே உண்டோ? செம்புங் குடமும் பச்சை பிடித்துக் கிடப்பின் அவ்வீட்டாரைச் சோம்பர் என்று உலகம் இகழும். அன்றியும், மண் மூடிய காசில் அரசன் உருவமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. தெரியாத காசால் ஆவதென்ன? துலக்கினாலன்றோ அஃது இன்ன காலத்தது, இன்னார் வெளியிட்டது என்று கூறலாம்? இங்ஙனம் கூறுவோர் அறியாமையாற் கூறுகின்றனர் என்று நாம் தள்ளிவிடுதற்கில்லை. இவை நல்லெண்ணத்தாற் பிறந்த நியாயங்கள்.

ஆயின், விளக்கும் காசும் ஒருதன்மையன அல்ல. குத்துவிளக்கு இன்றும் தன் தொழிலைச் செய்வது. நாளைக்கும் எரியவேண்டியது. அதனைத் துலக்குந்தோறும் அதன் தொழில் சிறக்கின்றது. காசின் தொழிலோ என்றோ முடிந்துவிட்டது. அதனைக் கொண்டு இன்று ஒரு கொத்து அரிசி வாங்க இயலாது. இன்று அது சாட்சியாக மாத்திரமே நம்மிடம் வந்துளது. தன்னை வெளியிட்ட அரசையும், தன்னை ஆண்ட மக்களையும், தான் கிடந்த மண்ணையும் பற்றிச் சொல்லுதற்கே அஃது எஞ்சியுள்ளது. வழக்கொன்றிற் சான்றாக அகப்பட்ட துணியைச் சவர்க்காரமிட்டுத் தோய்த்து நீதிமன்றுக்கு அனுப்புவார் உளரோ?

செப்புக் காசொன்று மண்ணில் நூற்றாண்டுக் கணக்காகக் கிடக்கும்போது நிகழ்வது யாது என்பதை அறிதல் வேண்டும். செம்பின் மேற்புறம் மண்ணின் ஈரத்தோடும் காற்றோடும் கூடிச் சிறிது சிறிதாக வேறு பொருளாக மாறுகின்றது. உலோகத்தை அடுத்துச் செந்நிறமான ஒட்சைட்டுப் படையொன்று உண்டாகும். அதன்மேற் பச்சை நிறமான காபனேற்றுப் படை உண்டாகும். இப்பச்சையையே நாம் களிம்பு என்கின்றோம். இங்கே கருத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. களிம்பானது வெளியிலிருந்து வந்து காசின்மேல் ஒட்டிக்கொண்ட அழுக்கன்று. காசின் மேற்பகுதியே களிம்பாக மாறியுளது. அச்சு விழுந்த நாளிலே காசின் மேற்பரப்பாக இருந்தது இன்று பெரும்பாலும் உலோகத்தில் இல்லை. அக்களிம்புப் படைகளின் உள்ளேயே உளது. எழுத்தின் விளிம்பும் உருவத்தின் வரையும் அங்கேதான் தங்கியிருக்கின்றன.

பழப்புளியிலுள்ள தாத்தாரிக் அமிலமும் தேசிக்காயிலுள்ள சித்திரிக் அமிலமும் இப்படைகளைக் கரைத்துவிடுகின்றன. காசு பளபளக்கின்றது. துலக்கியவர் மகிழ்கின்றார். ஆனால் அவர் கையிலிருப்பது குழிவிழுந்த செப்புத் தகடேயன்றிப் பிறிதில்லை. எழுத்து, சட்டியிலுள்ள பச்சைத் தண்ணீரோடு கலந்து போயிற்று. சாம்பல், செங்கற்றூள், பற்பசை, கம்பித் தூரிகை என்பன கொண்டு தேய்ப்பார் செய்வதும் இதுவே. அமிலம் கரைக்கும், இவை அராவும், வேறுபாடு அவ்வளவே. "நாம் துலக்கிய காசில் எழுத்து நன்றாகத் தெரிந்ததே" என்று சிலர் கூறுவர். கனத்த காசிலே, களிம்பு மெல்லியதாயின், அங்ஙனம் தெரிதலும் உண்டு. ஒன்று தேறும், பல அழியும். எது தேறும், எது அழியும் என்பதைப் புளியிடுமுன் எவரும் அறியார். அழிந்ததை மீட்டல் எவர்க்கும் இயலாது.

சைவசித்தாந்தம் பயின்ற நம் வாசகர் ஈண்டொரு தடை எழுப்புதல் கூடும். ஆன்மாவைப் பற்றிய ஆணவமலத்துக்குச் செம்பிற் களிம்பையன்றோ உவமை கூறுவர்? நீக்கற்பாலதாகிய களிம்பைக் காக்குமாறு சொல்லுதல் முறையோ என அவர் வினவலாம். உவமையை ஒருபுடை ஒப்புமையாகவே கொள்ளல் வேண்டும். சித்தாந்தங் கூறுங் களிம்பு செம்போடு அநாதியே உடனுள்ளது. நாம் பேசுவது காசு மண்புகுந்தபின் வந்த களிம்பு. அன்றியும், அவ்வுவமையிலே களிம்பை அறவே நீக்குவதாகச் சொல்லப்படுவது இரசகுளிகையேயன்றிப் பழப்புளியன்று. உரிய மருந்து உரியவர் கையிலிருந்து வரல்வேண்டும் என்பதே அதனாலும் பெறப்படும்.

இனி, தேய்வு வேறு, களிம்பு வேறு என்பதையும் பகுத்துணர்தல் நன்று. களிம்பு மண்ணில் வந்தது. தேய்வு மக்கள் கையில் வந்தது. பல தலைமுறைக் காலம் சந்தையிலும் மடியிலும் உண்டியலிலும் புழங்கிய காசின் முகப்பு மழுங்கியிருக்கும். அம்மழுக்கத்தைத் துலக்கி நீக்குதல் எவ்வாற்றானும் ஆகாது. போன செம்பு போனதே. ஆயினும் அத்தேய்வும் ஒரு செய்தியே. அக்காசு எத்துணைக் காலம் வழங்கியது, தன்னை வெளியிட்ட அரசு மறைந்த பின்னும் மக்கள் அதனை ஏற்றனரா என்பனவற்றை ஆராய்வோர் தேய்வைக் கொண்டே உய்த்துணர்வர். காசின் நிறையும் அங்ஙனமே. ஓர் அரசு எந்த நிறையளவில் நாணயம் அடித்தது என்பதைப் பல காசுகளை நிறுத்தே காண்பர். புளியிலிட்ட காசு நிறை குறைந்த காசு. அதனைத் தராசிலிட்டாற் பொய்க்கணக்கே வரும்.

காசிலுள்ள ஓரெழுத்து ஈரெழுத்துக்கு இத்துணைப் பெருமையோ என வினவுவார்க்கு நம் நாட்டுச் சரித்திரத்திலிருந்தே விடை கூறலாம். சேதுக் காசு எனப்படும் நாணயங்களை நம்மிற் பலர் கேள்வியுற்றிருப்பர். அவற்றின் ஒரு புறத்தே நிற்கும் மனித உருவமும், மறுபுறத்தே படுத்திருக்கும் நந்தியும் அதன்மேற் பிறையும் அமைந்திருக்கும். நந்தியின் கீழே 'சேது' என்னும் ஈரெழுத்துத் தமிழில் எழுதப்பட்டிருக்கும். இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டவை என்றே முன்னிருந்த ஆராய்ச்சியாளர் கருதினர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920ஆம் ஆண்டிலே இவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையவை என்று நிலைநாட்டி எழுதினார். 1924ஆம் ஆண்டில் இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கொட்றிங்ரனும் இக்காசுகளை யாழ்ப்பாண அரசோடு சேர்த்தே ஆராய்ந்தார். 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரால் முடிவெய்திய ஓரரசு, தனக்கெனத் தமிழெழுத்துப் பொறித்த நாணயம் வெளியிட்டது என்பதற்கு அவ்வரசின் கருவூலத்து ஏடொன்றும் நமக்குக் கிடைத்திலது. கிடைத்தவை காசுகளே. அவற்றில் நந்தி இருந்தது, பிறை இருந்தது, ஈரெழுத்து இருந்தது. அவ்வெழுத்துக்களைத் தாங்கிய காசுகளை முதலிற் கண்டெடுத்தோர் யாவரும் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்திருப்பரேல், நந்தி மாத்திரம் மங்கலாக எஞ்சியிருக்கும். நந்தியைப் பொறித்தவர் தென்னாட்டில் ஒருவர் இருவர் அல்லர் என்பதைச் சரித்திரம் பயின்றார் அறிவர். யாருடைய நந்தி என்று எதனைக் கொண்டு வாதிட்டிருப்போம்?

ஒல்லாந்தர் காலத்துக் காசுகளிலும் இது காணலாம். நம் வழக்கிலுள்ள துட்டு என்னுஞ் சொல்லே ஒல்லாந்தச் சொல்லினின்றும் வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சியின் இறுதிக் காலத்திலே இலங்கையில் அடித்த செப்புக் காசுகளிலே கம்பெனியின் குறியீட்டோடு ஓரெழுத்தையும் சேர்த்துப் பொறித்தனர். கொழும்பு, காலி, திருக்கோணமலை என்பவற்றுக்கு ஒவ்வோர் எழுத்து இருந்ததுபோல யாழ்ப்பாணத்துக்கும் 'ஐ' என்னும் உரோம எழுத்து இருந்தது. அவ்வெழுத்து உளதேல் அக்காசு நம்மூரில் அடிக்கப்பட்டது என்பது தெளிவு. அழிந்ததேல் அஃது எங்கோ அடித்த ஏதோ ஒரு துட்டு. கந்தரோடையிலே கிடைத்த பழைய நாணயங்களையும் பிறபொருள்களையும் பற்றிப் போல் ஈ. பீரிஸ் அவர்கள் 1917, 1919ஆம் ஆண்டுகளிலே எழுதிய கட்டுரைகள் யாழ்ப்பாணத்தின் பழமையை உலகறியச் செய்தன. இத்தகைய இடங்களிற் கிடைக்கும் உரோமச் செப்புக் காசுகள் பல, சுண்டுவிரல் நகத்தளவினவே. அவற்றுள் உரோமர் அடித்தவை எவை, அவற்றைப் பார்த்து ஈண்டுள்ளார் அடித்துக்கொண்டவை எவை என்று பிரித்தறிய உதவுவன மிக நுண்ணிய கோடுகள். அக்கோடுகளோ மேற்கூறிய களிம்புக்குள்ளே கிடப்பன.

இதுவரை கூறியது தாய்நாட்டிலிருப்போர்க்குப் பெரிதும் உரியது. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர்க்கும் இவ்விடயத்திற் பங்குண்டு. இங்கிலாந்திலே விடுமுறை நாட்களில் உலோகங் காணுங் கருவியைத் தோளிற் கொண்டு, நிலச் சொந்தக்காரரின் அநுமதியோடு வயல்வெளிகளில் உலாவுதல் பலர்க்குப் பொழுதுபோக்காக உளது. அந்நாட்டுச் சட்டம் இதற்கு இடந்தருகின்றது. காக்கப்பட்ட தொல்லிடங்களில் அக்கருவியை அநுமதியின்றிப் பயன்படுத்தல் குற்றம். புதையல் எனக் கொள்ளத்தக்கவற்றை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறிவித்தல் வேண்டும். ஏனையவற்றை விரும்பிப் பதிவுசெய்வதற்கு 1997 முதல் ஒரு திட்டம் நடைபெறுகின்றது. அதிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. கருவி ஒலித்தவுடன் தோண்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்க்கும் அவா அங்குள்ளார்க்கும் உண்டு. ஆனால் அவ்வவாவை அடக்கியமையால் விளைந்த பெரும்பயனுக்கு எடுத்துக்காட்டொன்றும் அங்கேயே உளது.

2010ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே, சமசெற் மாகாணத்துப் புறூம் என்னும் ஊருக்கு அணித்தாக, டேவ் கிறிஸ்ப் என்பார் தம் கருவி ஒலித்த இடத்தைத் தோண்டினார். பானையொன்றின் வாயும் அதனுள்ளே காசுகளும் தென்பட்டன. அவர் மேலும் தோண்டாது நிறுத்தி, தொல்பொருளறிஞர்க்கு அறிவித்தார். அவர்கள் வந்து, பானையிலிருந்த காசுகளை ஒருங்கே வாரிவிடாது, படைபடையாக எடுத்து, எப்படையிலிருந்து எக்காசு வந்தது என்று குறித்து வைத்தனர். காசுகள் 52,503, நிறை ஏறத்தாழ 160 கிலோகிராம். அவை கி.பி. 253 முதல் 305 வரையுள்ள காலத்தன. பிரித்தானியாவைத் தனியாண்ட கராசியஸ் என்பானுடைய காசுகள் எழுநூற்றுக்கு மேற்பட்டவை அவற்றுள் இருந்தன. அவை காலத்தாற் பிந்தியன. ஆண்டாண்டாகச் சேமித்த உண்டியலாயின் பிந்திய காசு மேலேயன்றோ இருத்தல் வேண்டும்? அவற்றிற் பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியிலே காணப்பட்டன. ஆகவே அப்பானை ஒருவர் நாடோறும் இட்டு நிரப்பிய உண்டியல் அன்று, ஒரே முறையில் நிரப்பப்பட்டது என்னும் முடிபு பெறப்பட்டது. தெய்வத்துக்கு இட்ட காணிக்கையோ என்று ஆராயவும் அம்முடிபே வழிவகுத்தது.

இக்காசுகள் துலக்கப்படவேயில்லையா எனின், கழுவப்பட்டன. ஈரமண்ணிலிருந்து வந்தமையால் அவை மேலும் கெட்டுவிடாதவாறு பிரித்தானிய நூதனசாலையிலே கழுவி உலர்த்தினர். ஆனால் எப்பொழுது கழுவினர்? எங்கிருந்து வந்தது, எந்நிலையில் இருந்தது என்பனவெல்லாம் எழுதிய பின்னர். எவர் கழுவினர்? உலோகத்தின் இயல்பறிந்தவர். கண்டெடுத்தவர் அன்றிரவே தம் சமையலறையிற் கழுவியிருப்பரேல் காசுகள் கிடைத்திருக்கும். அவை சொன்ன செய்தி கிடைத்திராது. அக்காசுகளைச் சமசெற் நூதனசாலை 320,250 பவுண் கொடுத்துப் பெற்றது. கிறிஸ்பின் பொறுமை பொருளளவிலும் நட்டமாகவில்லை என்பதையும் இலாபநட்டம் பார்ப்போர் குறித்துக்கொள்வாராக. காசு சேர்ப்போரிடத்தும், தேய்த்து ஒளியேற்றிய பழங்காசு, தேய்க்காத காசின் விலைக்குப் போவதில்லை.

துலக்குதலைத் தவிர்க்க இயலாத நிலையும் உண்டு என்றோம். செப்புக் காசின்மேல் வெளிறிய பச்சைநிறமான மாவுபோன்ற பொட்டுக்கள் தோன்றுமாயின், அஃது உடம்பெங்கும் பரவுந் தீய நோய். கடலுப்பிலிருந்து வந்த குளோரைட்டுச் செம்பினுள் தங்கி, காற்றின் ஈரம் பட்டவுடன் ஐதரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அவ்வமிலம் மேலும் செம்பை அரிக்கும். அரித்ததிலிருந்து மீண்டும் அமிலம் பிறக்கும். இங்ஙனம் தொடர்ந்து ஈற்றிற் காசு தூளாகிவிடும். கடல்சூழ்ந்த தீவுகளிலும் கரையோரங்களிலும் கிடைக்குங் காசுகட்கு இந்நோய் எளிதில் வரும். நற்களிம்பு கடினமாயும் வழுவழுப்பாயும் காசோடு ஒன்றியிருக்கும். நோய்க்களிம்பு தொட்டால் உதிரும். இவ்வேறுபாட்டை ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். நோயுற்ற காசைப் பிறவற்றினின்றும் பிரித்து, நன்கு உலர்ந்த இடத்தில் வைத்து, அறிந்தாரிடம் சேர்ப்பித்தலே மருந்து. பெட்டியினுள் ஈரப்பதன் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்குமாயின் அந்நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நம் நாட்டுக் காற்று அதனினும் மிக ஈரமுடையது. ஆதலின் மூடியிறுகிய போத்தலும், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வேண்டப்படும்.

அங்ஙனமாயின், காசு கண்டெடுத்தவர் யாதுஞ் செய்யாது வாளாவிருத்தல் வேண்டுமோ எனின், செய்யத்தக்கன சில உள. ஒட்டாது கிடக்கும் உலர்ந்த மண்ணை மென்றூரிகையால் மெல்லத் தட்டிவிடலாம். பொன்னாயின் அது கறுக்காது, களிம்பேறாது; நல்ல நீரில் அலசுதலே அமையும். நீர் வேண்டுமாயின் காய்ச்சி வடித்த நீரே ஆகும். உவர்நீர்க் கிணற்று நீர் கூடாது. அதிலுள்ள உப்பே மேற்சொன்ன நோய்க்கு வித்து. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்குங் காசுகளைப் பிரித்தலும், அவற்றோடு ஒட்டிய துணி நூலை அகற்றலும் கூடா. அவை முடிச்சாகக் கட்டிப் புதைக்கப்பட்டன என்பதற்கு அந்நூலே சான்றாகலாம். எழுத்தைக் காண விரும்புவோர் இருண்ட அறையிலே காசை வைத்து, விளக்கொளியை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழச் செய்து, அவ்வொளியைச் சுற்றிச் சுற்றி மாற்றிப் படம் பிடிப்பாராக. கைத்தொலைபேசியே இதற்குப் போதும். புளியிட்டும் காணாத எழுத்து நிழலினாற் காணப்படுதல் வியப்பன்று. அதனாலும் தெரியாதாயின் ஊடுகதிர்ப் படமும் நுண்காட்டியும் உடையார் உளர். இன்று படிக்க இயலாத காசை நாளை படிக்கும் வழி பிறக்கலாம். கரைந்துபோனதைப் படிக்கும் வழி என்றும் பிறவாது. இனி, எழுதி வைத்தல் யாவற்றினும் முதன்மையானது. எவ்வூர், எக்காணி, எத்துணை ஆழம், உடன் கிடைத்தவை யாவை என்பனவற்றை அன்றே எழுதுதல் வேண்டும். இடமறியாத காசு பெயரிழந்த சாட்சி.

இலங்கையில் இருப்போர் மற்றொன்றையும் மறவற்க. இங்கிலாந்து வழக்கம் இங்கு செல்லாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என்கின்றது. மண்ணினுள் மறைந்து கிடப்பவை அரசுக்குரியன. அநுமதிப் பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்தல் தண்டனைக்குரிய குற்றம். தற்செயலாகக் கிடைத்ததை அதிகாரிகட்கு அறிவித்தலும் கடன். சேதுக் காசும் ஒல்லாந்தத் துட்டும் இவ்வெல்லைக்கு உட்பட்டனவே. 'ஸ்கேனர்' என்னுங் கருவியைக் கொண்டு இரவிலே புதையல் தேடித் தொல்லிடங்களைக் குடைவாரைப் பற்றிய செய்திகளை நாம் அடிக்கடி படிக்கின்றோம். அவர் நாடுவது பொன். அதன்பொருட்டு அவர் சிதைத்தெறிவது நம் சரித்திரம். 2009ஆம் ஆண்டுக்குப் பின் வடமாகாணத்தார் இத்தகைய கருவியைப் பெரிதும் கண்டது கண்ணிவெடி அகற்றுவோர் கையிலேயாம். ஒவ்வோர் ஒலிக்கும் நின்று, குனிந்து, விரற்கடை விரற்கடையாக மண்ணை நீக்கும் அவர்தம் பொறுமையைக் கண்ட கண்களுக்கு, மண்ணுள் இருப்பதை அவசரப்பட்டுத் தொடலாகாது என்பதை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

இத்துணை வற்புறுத்துவது எதன்பொருட்டு? நம் மக்களிடம் எழுத்துச் சான்று குறைவு. இருந்தவற்றுள்ளும் பல பறங்கியர் காலத்தில் அழிந்தன. எஞ்சியவற்றைத் திரட்டி வைத்த யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரியுண்டது. போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் விட்டுச்சென்ற பெட்டகங்களோடு மறைந்தவற்றுக்குக் கணக்கில்லை. பகைவரும் தீயும் கறையானும் அழித்தவற்றை எண்ணி வருந்துகின்றோம். அவ்வருத்தம் உண்மையாயின், எரியாததும் கறையான் அரிக்காததுமாகிய செம்பிலே எஞ்சிய சிறுசான்றை அன்பினாலே நம் கையால் அழித்தல் ஆகாது. பிறர் அழித்ததற்கு வழக்குரைக்கலாம். நாமே அழித்ததற்கு யாரிடம் உரைப்பது?

ஆதலின், கல்லூரிச் சமுதாயத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். பழைய மாணவர்கள் தத்தம் இல்லங்களில் உள்ள பழங்காசுகளைத் துலக்காது, அவை எங்கு எப்பொழுது கிடைத்தன என்று முதியோரைக் கேட்டு இப்பொழுதே எழுதி வைப்பாராக. அம்முதியோர் மறைந்தபின் அவ்விவரம் எவ்விலை கொடுத்தாலும் கிடையாது. பின்னர், நல்லூரிலுள்ள தொல்பொருள் நூதனசாலையாரிடமோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறையாரிடமோ காட்டி, சட்டப்படி செய்யவேண்டுவதைக் கேட்டுச் செய்வாராக. ஆசிரியர்கள் கல்லூரியிலே நாணயப் பதிவேடொன்றைத் தொடங்குவாராக. காசு உரியவரிடமோ நூதனசாலையிலோ இருக்க, அதன் படமும் நிறையும் விட்டமும் கிடைத்த இடமும் பதிவேட்டில் இருத்தல் போதும். இதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. மாணவர்கள் இரசாயன ஆய்வுகூடத்திலே களிம்பேறிய பழைய செப்புக் கம்பித் துண்டொன்றை நிறுத்து, தேசிக்காய்ச் சாற்றில் இட்டு, எடுத்துக் கழுவி உலர்த்தி மீண்டும் நிறுப்பாராக. தராசு காட்டும் வேறுபாட்டை ஒருமுறை கண்ட மாணவன், தன் வீட்டுப் பழங்காசைப் புளிச்சட்டிக்கு அருகிலும் கொண்டுசெல்லான்.

பீ.வி.சீ. உறைகள் நாளடைவிற் குளோரைட்டை வெளிவிட்டுக் காசைக் கெடுப்பன. காசுகளை அவற்றில் இட்டு வைத்தலையும் தவிர்ப்பாராக. உறையின்மேல் ஊரும் திகதியும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வருங்காலத்திலே ஞானப்பிரகாசரைப் போன்ற ஒருவர் நம் மாணவருள் தோன்றுங்கால், அவர் கையிற் கொடுப்பதற்கு எழுத்தோடு கூடிய காசு நம்மிடம் இருத்தல் வேண்டும். பழப்புளி விளக்குக்கு இருக்கட்டும். காசு களிம்போடு கிடக்கட்டும்.